அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம்

பெயர் கேட்கும் கட்டத்திலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டின் தலையிலும் சிவப்பு நட்சத்திரம்; நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு நகர முடியாது. திருச்சுழிப் பக்கத்து விவசாயிக்கு இருப்பதோ ஒரு பெயரும் அப்பாவின் தலைப்பெழுத்தும்தான். அந்த எழுத்து ஆதாரில் பெயருக்கு முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் பின்னால் இருக்கும், ரேஷன் அட்டையில் அப்பா பெயராகவே முழுசாக நீண்டிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

அதைத் தாண்டினால் ஊர்ப் பெயர். பட்டியலில் வருவது வருவாய் கிராமம். அவர் குடியிருப்பது அதற்குள் அடங்கிய ஏதோ ஒரு குக்கிராமத்தில். தன் ஊர் எந்த வருவாய் கிராமத்தில் சேர்ந்தது என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டால்தான் பலருக்குத் தெரியும். தெரிந்தாலும் பட்டியல் ஆங்கில அகரவரிசையில் ஓடுகிறது. திருச்சுழியையே ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுகிறார்கள்; ‘டி’யை அடுத்து ‘ஐ’ தேடுவதா, ‘எச்’ தேடுவதா? அருப்புக்கோட்டைக்கு ஒரு ‘கே’யா, இரண்டா? இதையெல்லாம் கடந்து வந்தால் கடைசியில் ஓடிபி. அது போய்ச் சேரும் எண் மகனுடையது. மகன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பார். அவர் போனை எடுத்து எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் திரை ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, முதல் கட்டத்துக்கே திருப்பி அனுப்பும்.

எனவே யாரும் தானாக நிரப்புவதில்லை. பயிர்க் காப்பீடு, சாதிச் சான்று, பட்டா மாறுதல் எல்லாவற்றுக்கும் பஸ் ஏறி இ-சேவை மையத்துக்கோ, தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கோ போகிறார்கள். அங்கே இருக்கும் தம்பிதான் உண்மையில் அரசின் திரை. எந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்து ஏமாற்றலாம், எந்த நேரத்தில் சர்வர் தூங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரை யாரும் வடிவமைப்பு வல்லுநர் என்று அழைப்பதில்லை.

இந்த நிலைமைக்கு ‘டிஜிட்டல் எழுத்தறிவு இல்லை’ என்று பெயர் சூட்டி, மக்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தக் கிளம்புவது நம் வழக்கம். முகாம் நடத்தட்டும், தப்பில்லை. ஆனால், பயிற்சி முதலில் தேவைப்படுவது அந்தக் கட்டங்களை வரைந்தவருக்கு. அவரும் எங்கோ ஒரு கல்லூரியில் படித்துத்தான் வந்திருப்பார். என்ன படித்தார்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் ‘மனித-கணினி ஊடாட்டம்’ என்றொரு விருப்பப் பாடம் இருந்தது. அதில் எல்லோருக்குமான வடிவமைப்பு என்பது ஓர் அலகின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சொற்கள். 2021 பாடத்திட்டத்தில் காலத்துக்கு ஏற்ப ‘யுஐ - யுஎக்ஸ் டிசைன்’ என்ற பாடம் வந்தது. அதில் செய்முறை நேரமும் சேர்ந்தது நல்ல முன்னேற்றம். அலகுத் தலைப்புகளில் வடிவமைப்பின் அடிப்படைகள், வயர்ஃபிரேம், முன்மாதிரி, சோதனை, ஆய்வு எல்லாம் உண்டு. பார்வையற்றவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், காது கேளாதவர் யாரும் தலைப்பில் இல்லை. நல்ல ஆசிரியர் நடுவில் கொண்டுவந்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால், தேர்வில் வருவது என்ன? திரை வடிவமைப்புக்கு ஷ்னைடர்மன் வகுத்த எட்டுப் பொன்விதிகளை விளக்குக, 13 மதிப்பெண். எட்டையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு, அதே கையோடு வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்து ஒரு செயலியை வரைந்து புராஜெக்டாகக் கொடுத்து, அதற்கும் முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும்.

வெளிர்சாம்பல் விவகாரம் நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கத்தைச் சோதிக்கிறது. 2025இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் அணுகல் பிழைகள், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்குத் தடையாகும் குறைகள், கண்டறியப்பட்டன. அதிகம் காணப்பட்ட பிழை, எழுத்துக்கும் பின்னணிக்கும் போதுமான வேறுபாடு இல்லாதது, 79.1 சதவீதப் பக்கங்களில் அது இருந்தது. சாதாரண அளவு எழுத்துக்கு இந்த வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவிலான விதி. குளிரூட்டிய ஆய்வகத்தில் இது வெறும் எண்ணாகத் தெரியும். சித்திரை வெயிலில் நரிக்குடி பஸ் நிறுத்தத்தில், கீறல் விழுந்த போனில், அதே திரையைத் திறந்து பார்த்தால் 4.5 எதற்கென்று கண்ணுக்கே புரியும். அந்த வெயில் இங்கே இலவசம்.

நான் சொல்லவரும் விஷயம் இதுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை மழை பொய்த்த பூமி, கண்மாய் வறண்ட பூமி, சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடும் பூமி என்றே எழுதிப் பழகிவிட்டோம். இந்த வட்டாரம் அடங்கிய விருதுநகர் மாவட்டம் 2018இல், பின்தங்கிய மாவட்டங்களுக்கான மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்ந்தது. தமிழகத்திலிருந்து அதில் இடம்பெற்ற இன்னொரு மாவட்டம் ராமநாதபுரம். இந்தப் பட்டியல் மனநிலை கல்லூரிக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ‘நம்மிடம் என்ன சார் இருக்கு, பெங்களூருப் பிள்ளைகளோடு எப்படிப் போட்டிபோடுவது’ என்கிறார்கள். திரை வடிவமைப்பைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறு. பெங்களூரு நிறுவனங்கள் ஆள்வைத்து, கார்வைத்து, மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தேடிப்போகும் பயனர், இங்கே மாணவரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். தேவாங்கர் கலைக் கல்லூரியிலோ, சைவபானு சத்திரியக் கல்லூரியிலோ, செட்டிக்குறிச்சிப் பொறியியல் கல்லூரியிலோ, 2022இல் திருச்சுழியில் தொடங்கிய அரசுக் கலை அறிவியல் கல்லூரியிலோ படிக்கும் பிள்ளைகளில் பலர் தறிவீட்டிலிருந்தோ மானாவாரிக் காட்டிலிருந்தோ வருகிறவர்கள். அவர்களுடைய அப்பத்தாவைவிடக் கறாரான தேர்வாளர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்க மாட்டார்.

ஏதோ பெருமைக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தத் துறையின் மதிக்கப்படும் ஆய்வுகளில் சில இப்படிப்பட்ட திண்ணைகளில்தான் பிறந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தபன் பாரிக், 2000-களின் நடுப்பகுதியில் தமிழகக் கிராமங்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்தார். குழுக்களுக்கு ஏற்கெனவே நோட்டு உண்டு, பேரேடு உண்டு, மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வாசிக்கும் பழக்கம் உண்டு. கணினியைக் கொண்டுவந்து அதையெல்லாம் ஓரங்கட்டுவதற்குப் பதில், தாளை அப்படியே வைத்துக்கொண்டார். படிவத்தில் குறியீடுகளை அச்சிட்டு, கேமரா போனை அதன் மேல் காட்டினால் எந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று போன் குரலில் கேட்கும். எண்களை அழுத்தினால் போதும். எழுத்து தெரியாதவர்களுக்கும் எண் தெரியும் என்பதை அவர் முன்பே கண்டிருந்தார். 2006இல் இந்த ஆய்வு, மனித-கணினி ஊடாட்டத் துறையின் முதன்மையான உலக மாநாட்டில் வெளியானது. வந்தவர் வெளியூர்க்காரர், ஆய்வும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேர்ந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், நம் வீட்டுப் பேரேட்டைப் பார்த்து எழுதக்கூடிய ஆய்வை நம் கல்லூரிகள் ஏன் எழுதவில்லை என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அதே காலத்தில் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திராணி மேதி, வீட்டு வேலை தேடும் பெண்களுக்காக எழுத்தே இல்லாத திரைகளை வடிவமைத்துப் பார்த்தார். எழுத்தை எடுத்துவிட்டுப் படத்தை வைத்தால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியவில்லை. படம் புரிந்தது, குரல் புரிந்தது. ஆனால், இந்தப் பெட்டி எப்படித் தனக்கு வேலை தேடித் தரும் என்பது புரியவில்லை. வேலைக்கு ஆள் தேடும் வீட்டுக்காரர் தகவல் தருவது முதல் அது திரைக்கு வருவது வரை ஒரு சின்ன நாடகம்போல் படமெடுத்துக் காட்டிய பிறகுதான் தயக்கம் விலகியது. ஐகான் வரையத் தெரிந்த மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்தத் தயக்கம் எங்கே பிறக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு.

எழுத்தறியாதவருக்கான வடிவமைப்புக்கு அமெரிக்கப் புத்தகத்தைத்தான் புரட்ட வேண்டும் என்றும் இல்லை. இதே மாவட்டத்துச் சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தேதி எண் அறையின் மறுகோடியிலிருந்து தெரிகிறது. ஞாயிறும் விடுமுறையும் சிவப்பு. அமாவாசைக்குக் கறுப்பு வட்டம், பௌர்ணமிக்கு வெற்று வட்டம். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என ஒவ்வொன்றும் தினமும் அதே இடத்தில் அச்சாகிறது. நேற்று இடப்பக்கம் இருந்தது இன்று வலப்பக்கம் போவதில்லை. ‘புதிய தோற்றத்துக்கு மாறியிருக்கிறோம்’ என்று ஒரு நாள் காலையில் அது நம்மைத் திடுக்கிட வைப்பதும் இல்லை. எழுத்து தெரியாதவர் எண்ணையும் வட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார், படித்தவர் பொடி எழுத்துக்குப் போகிறார். ஒரே தாள் இருவருக்கும் உதவுகிறது. முதல் வகுப்பில் ஷ்னைடர்மனுக்கு முன்னால் இந்தக் காலண்டர் தாளைக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்து, இதில் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று எழுதச் சொல்லலாம். எட்டு விதிகளில் பாதி தானாக வந்துவிடும்.

அடுத்து, முதல் மாதம் முழுக்கக் கணினியைத் தொடக் கூடாது. தாளில் திரைகளை வரைந்து வெட்டி, பயனர் எதைத் தொடுகிறாரோ அதற்கேற்ப அடுத்த தாளை மாணவர் கையால் மாற்றிவைப்பது பழைய முறை. இன்றும் அதைவிட மலிவான, அதைவிட நேர்மையான முறை வரவில்லை. 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவியாவில் ‘உடோப்பியா’ என்ற திட்டத்தில் செய்தித்தாள் அச்சுத் தொழிலாளர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, இன்னும் கைக்கு வராத கணினிகளை அட்டைப்பெட்டியில் செய்து வைத்துக்கொண்டு வேலைசெய்து பார்த்தார்கள். அழகாக முடிந்த திரையைக் காட்டினால் நம் ஆட்கள் மரியாதைக்கு ‘நல்லாருக்குய்யா’ என்பார்கள். கோணல்மாணலாக வெட்டிய தாளைக் காட்டினால்தான் ‘இதை ஏன் இங்கே வச்சிருக்கே’ என்று வாய் திறக்கும்.

இதில் மாணவர்களுக்கு மிகவும் கஷ்டமான பாடம் ஒன்று உண்டு: சும்மா இருப்பது. அப்பத்தா தப்பான பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோகும்போது, ‘குடுங்க அப்பத்தா, நான் பண்றேன்’ என்று போனைப் பிடுங்காத பேரனோ பேத்தியோ இந்த மாவட்டத்தில் உண்டா? அந்தப் பாசம்தான் பாடத்துக்கு எதிரி. அவர் எங்கே நிற்கிறார், எதைப் படிக்காமல் தாண்டுகிறார், எந்த இடத்தில் ‘ஏதாச்சும் ஆயிருமோ’ என்று விரலை இழுத்துக்கொள்கிறார் என்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து எழுத வேண்டும். அவர் தோற்கவில்லை, வரைந்தவர்தான் தோற்கிறார் என்பதை அவரிடமே முதலில் சொல்லிவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் அவர் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவார். ஐந்து பேரிடம் இப்படிப் பார்த்தால் ஒரு திரையின் குறைகளில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கில் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால், ஐந்து பேரைத் தேட அருப்புக்கோட்டையில் ஒரு தெருவுக்கு மேல் நடக்க வேண்டியதில்லை.

கணினிக்கு வந்த பிறகு மவுஸைப் பிடுங்கிவிடலாம், திரையை அணைத்துவிடலாம். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006இல் தொடங்கிய முயற்சி அது. தமிழும் வாசிக்கும். தான் செய்த பக்கத்தைத் தானே கண்ணை மூடிக் கேட்கும் மாணவருக்கு ‘பட்டன், பட்டன், படம், பட்டன்’ என்று அது ஒப்பிக்கும்போது, பெயரிடாமல் விட்ட பொத்தான்கள் ஒவ்வொன்றாக உறைக்கும். ஆனால், ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டால் பார்வையற்றவரின் அனுபவம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. திரைவாசிப்பானைத் தினமும் மின்னல் வேகத்தில் பயன்படுத்துகிறவரை வகுப்புக்கு அழைத்துவந்து உட்கார வைப்பதே முறை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்களில் ஒருவர்கூட நம் ஆய்வகத்துக்குள் மதிப்பீட்டாளராக வந்ததில்லை என்றால், அந்த ஆய்வகத்தில் கற்பிப்பது பாதிப் பாடம்தான்.

இனி எல்லாம் குரல்தான், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, திரையை யார் தொடப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குரல் பெரிய வரம். வாட்ஸ்அப்பில் எழுதாமல் பேசி அனுப்பும் நம் கிராமத்துப் பெண்கள் அதை யார் சொல்லிக்கொடுத்தும் கற்கவில்லை. ஆனால், விசைத்தறி ஓடும் வீட்டுக்குள் நின்று போனிடம் பேசிப் பாருங்கள். பத்துப் பேர் காத்திருக்கும் சேவை மையத்தில் தன் கடன் பாக்கியை வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனம்வரும்? குஜராத் விவசாயிகளுக்கான தொலைபேசிச் சேவை ஒன்றை வைத்து நீல் பட்டேலும் சக ஆய்வாளர்களும் 2009இல் ஒப்பிட்டபோது, பேசிச் சொல்வதைவிட எண்ணை அழுத்திச் சொல்வதில்தான் பயனர்கள் நன்றாகச் செய்தார்கள். அன்றைய பேச்சுணர்வு நுட்பம் இன்று எவ்வளவோ வளர்ந்துவிட்டது. தறிச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகத்தக்கதாக்கச் சொன்னது. ஆனால், விதிகள் ‘செய்தால் நல்லது’ என்ற தொனியிலேயே இருந்தன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 15(1) விதியைச் சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 30 அன்று இன்னொரு தீர்ப்பு: அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும், கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பைக் கடக்க முடியாமல் நின்ற வழக்கு அது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது நீதிமன்றம். அதே ஆண்டு ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூலை இறுதியில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் தன் கீழ் உள்ள நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆக, ஐரோப்பாவுக்கு மென்பொருள் எழுதும் சென்னை நிறுவனத்துக்கு இனி அணுகல் தெரிந்த ஆள் வேண்டும். ‘பிளேஸ்மென்ட்டுக்கு உதவாத பாடம்’ என்ற முணுமுணுப்புக்கு இது போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் கண்டுபிடிக்கும் குறைகள் எங்கே போகும் என்ற கேள்விக்குத்தான் எனக்கு நல்ல பதில் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்புக்காக வேளாண் கல்லூரி மாணவர்களைக் காடுகரைக்கு அனுப்பியபோது பெரிய சர்ச்சை எழுந்தது. மாணவர்களை இந்த வேலைக்கு அனுப்பலாமா என்பதே விவாதமாக இருந்தது. கணக்கெடுப்புச் செயலியை வெயிலில் கையில் பிடித்திருந்த அவர்களிடம், அதில் எங்கே இடறியது என்று கேட்டு எழுதி வாங்கியிருந்தால் அடுத்த பதிப்புக்கு அதுவே ஆவணமாகியிருக்கும். தமிழ்நாடு மின்னாளுமை முகமை ஆண்டுக்கு ஒருமுறை கல்லூரிகளிடமிருந்து இத்தகைய சோதனை அறிக்கைகளை வாங்கி, எதைத் திருத்தினோம், எதை ஏன் திருத்தவில்லை என்று பகிரங்கமாகப் பதில் சொல்லலாம். 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற மாணவர் திறன் மேம்பாட்டுத் திட்டம் கையில் இருக்கும்போது இது ஆகாத காரியம் அல்ல.

மதிப்பெண்ணையும் இதற்கேற்ப மாற்றியாக வேண்டும். விதிகளை விளக்கும் 13 மதிப்பெண் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். செய்முறைத் தேர்வில் வெளித்தேர்வாளர் மவுஸ் இல்லாமல் ஒரு முறை, திரைவாசிப்பானோடு ஒரு முறை மாணவரின் திரையை ஓட்டிப் பார்க்கட்டும். படிவத்தைக் கடைசிவரை நிரப்ப முடியாவிட்டால், வண்ணம் எத்தனை அழகாக இருந்தாலும் தேர்ச்சி இல்லை. முதல் சோதனையில் அப்பத்தா எங்கே தடுமாறினார், அதைப் பார்த்து என்ன மாற்றினாய், மாற்றிய பின் என்ன ஆனது என்ற பக்கத்துக்குத்தான் பாதி மதிப்பெண்.

கடைசியாக ஒரு பாதுகாப்பு விஷயமும் ஒரு பணவிஷயமும். சோதனைக்கு வந்து உட்காருபவர் அன்றைக்கு மல்லிப்பூ பறிக்கப் போகாமல், களையெடுக்கப் போகாமல் வருகிறார். அவருடைய உண்மையான ஆதார் எண்ணும் ஓடிபியும் மாணவர் கண்ணில் படவே கூடாது. பொய்ப் பெயர், பொய் எண்ணை வைத்துத்தான் சோதனை நடக்க வேண்டும். வந்ததற்கு ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். டீயும் வடையும் கூலி ஆகாது. இதற்கெல்லாம் கல்லூரிக் கணக்கில் தலைப்பு கிடையாதே என்று அலுவலகத்தில் சொல்வார்கள். கல்லூரி விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர்களுக்குப் போர்த்தும் பொன்னாடைகளுக்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுகிறார்களோ, அதே தலைப்பில் இதையும் எழுதிக்கொள்ளலாம்.